ஆம்னி வேன் சைலன்சர்: எந்தப் பிராக்கெட்டை விடலாம், எதை விடக்கூடாது?

வேனைத் தூக்கிப் பார்த்தால் ஒரு பிராக்கெட்டைத் துரு தின்று பாதிதான் மிச்சம் இருக்கிறது. இன்னொன்று இருந்த இடத்தில் போல்ட்டு ஓட்டை மட்டும் இருக்கிறது. மூன்றாவதில் ரப்பருக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி. வண்டி என்னவோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியானால் கம்பெனி மாட்டிய பிராக்கெட் எல்லாமே தேவைதானா, ஒன்றிரண்டை விட்டுவிட்டால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பு. பட்டறையிலும் "அது இல்லாமலே ஓடும் சார்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

ஓடும் என்பது உண்மைதான். எத்தனை நாள் ஓடும், முதலில் எது உடையும், உடைந்தால் புகை எங்கே போகும் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இந்தக் கட்டுரை மாருதி ஆம்னியை வைத்துப் பேசுகிறது. 1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னியாகி, 2019-ல் உற்பத்தி நின்ற வண்டி. புதிதாக வராது என்பதால் இருப்பதைக் காப்பாற்றித்தான் ஓட்டியாக வேண்டும். பள்ளிக்கூட வேன், பால் வேன், கேட்டரிங் வேன் என்று இன்றும் ஓடுபவற்றில் பலவற்றுக்குச் சைலன்சர் இரண்டு மூன்று முறை மாறியிருக்கும். மாறும்போதெல்லாம் ஒரு பிராக்கெட் குறைந்திருக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இன்ஜின் பக்கம் பைப்பைப் பிடிக்கும் ஸ்டேயை ஒருபோதும் விடக்கூடாது. நடுவில் தொங்கவிடும் ஹேங்கரை இடம் மாற்றலாம், கைவிடக்கூடாது. வால் பக்கத்து ஹேங்கர் போனால் கம்பியில் கட்டி வீடு வரை ஓட்டலாம், அதற்கு மேல் கூடாது. பைப்பின் சூட்டை மறைக்கும் வெப்பத் தகட்டின் பிராக்கெட் மட்டும் இடத்தைப் பொறுத்தது. எதற்கும் பயன்படாமல் சும்மா நிற்கும் கொக்கிகளும் சில வண்டிகளில் உண்டு. அவற்றை இல்லாமல் போன பிராக்கெட்டின் மிச்சம் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

எடையைத் தாங்குவது மட்டும் வேலை இல்லை

பிராக்கெட் என்றால் கனத்தைத் தாங்குவதற்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கனம் ஒன்றும் பெரிதில்லை. 42 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 1.5 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள இரும்புப் பைப் மீட்டருக்கு ஒன்றரைக் கிலோதான். சைலன்சர் டப்பா ஐந்து கிலோ என்று வைத்துக்கொள்வோம். இதைத் தாங்க இரண்டு கொக்கி போதும்.

தொல்லை தருவது அசைவு. ஆம்னியில் இருப்பது 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின். நிமிடத்துக்கு 900 சுற்றில் ஐடிலில் நிற்கும்போது நொடிக்கு 22, 23 வெடிப்பு. 3,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 75. அப்படியே ஒரு மணி நேரம் ஓட்டினால் 2,70,000 உதறல். மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கே உரிய குணம் ஒன்றும் உண்டு. முன் சிலிண்டரும் பின் சிலிண்டரும் மாறி மாறி ஏறி இறங்குவதால், சீசா பலகை மாதிரி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இன்ஜினை ரப்பர் மவுன்டிங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள். பைப்பின் ஒரு முனை இந்த ஆடும் இன்ஜினோடு இறுகியிருக்கிறது, மறுமுனை ஆடாத பாடியில் தொங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பைப்பு உடையாமல் இருக்கத்தான் இத்தனை பிராக்கெட்டும் ரப்பரும்.

அடுத்தது சூடு. இரண்டு மீட்டர் இரும்புப் பைப்பின் சூடு சராசரியாக 250 டிகிரி ஏறினால் நீளம் 6 மில்லிமீட்டர் கூடும். எஸ்எஸ் 304 என்ற துருப்பிடிக்காத எஃகுப் பைப் போட்டிருந்தால் எட்டரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இன்ஜின் பக்கம் இறுகியிருப்பதால் நீட்சி முழுவதும் பின்னால்தான் போகும். ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் பைப்பு நீளும், நிறுத்தினால் சுருங்கும். இதற்கு இடம் கொடுக்காத பிடிப்பு எதுவும் நிலைக்காது.

ஆக, பிராக்கெட்டுகளில் மூன்று வகை இருக்கிறது: இன்ஜினோடு சேர்த்துப் பிடிப்பவை, பாடியில் தொங்கவிடுபவை, சூட்டையும் உரசலையும் தள்ளி வைப்பவை. தேவையா இல்லையா என்று கேட்பதற்கு முன் கையில் இருப்பது எந்த வகை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்ஜின் பக்கத்து ஸ்டே

இன்ஜினின் புகை வாயான மேனிஃபோல்டில் இருந்து இறங்கும் பைப்பை இன்ஜின் பிளாக்கோடோ கியர்பாக்ஸோடோ சேர்த்துப் பிடிக்கும் பட்டை இது. பார்வைக்கு அற்பமான சாமான். கிளட்ச் வேலைக்குக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டாமல் விடுவதும் இதைத்தான். கழற்ற ஒரு போல்ட்டு மிச்சம், மாட்ட ஒரு போல்ட்டு மிச்சம் என்ற கணக்கு.

இது இல்லாவிட்டால் பைப்பின் உதறல் முழுவதையும் மேனிஃபோல்டின் ஸ்டட்டுகளும் (பதித்த மறை ஆணிகள்) ஃபிளாஞ்சும் (பைப்பை இணைக்கும் தட்டு) வாங்கிக்கொள்ளும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து கிலோ டப்பா, அதைத் தாங்கும் இடத்தில் இருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் அங்கே விழும் வளைவு விசை சுமார் 29 நியூட்டன் மீட்டர். எம்8, அதாவது 8 மில்லிமீட்டர் போல்ட்டு ஒன்றை முறுக்கும் அளவே 20 முதல் 25 நியூட்டன் மீட்டர்தான். வண்டி சும்மா நிற்கும்போதே இந்த நிலை. பள்ளத்தில் இறங்கி ஏறினால் இது இரண்டு மூன்று மடங்காகும்.

பழுது படிப்படியாக வரும். முதலில் ஃபிளாஞ்ச் நட்டு இளகும். முறுக்கிவிட்டால் ஒரு வாரம் நிற்கும், மறுபடி இளகும். பிறகு இணைப்பின் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடான கேஸ்கெட் ஒரு ஓரத்தில் ஊதிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக் டிக்' என்று கேட்டு, ஐந்து நிமிடத்தில் இரும்பு சூடேறி விரிந்ததும் அடங்கிவிடும் சத்தம் இதுதான். வால்வை இயக்கும் டேப்பெட்டின் சத்தம் என்று நினைத்து டேப்பெட்டை அட்ஜஸ்ட் செய்பவர்கள் உண்டு. ஃபிளாஞ்சைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். அதையும் விட்டால் ஸ்டட் அறுந்து உள்ளேயே நிற்கும், அல்லது வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் விரிசல் விழும். வார்ப்பிரும்பை வெல்டு செய்து நிலைக்க வைப்பது எல்லாப் பட்டறையிலும் முடிகிற வேலை இல்லை. மேனிஃபோல்டையே மாற்ற வேண்டிவரும்.

காசு போவதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்குக் கீழே இருக்கிறது. சீட்டைத் தூக்கினால் இன்ஜின். அந்த மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் பழைய வண்டிகளில் காய்ந்து, நொறுங்கி, இடைவெளி விட்டிருக்கும். மேனிஃபோல்டு பக்கத்தில் ஊதும் புகை டிரைவரின் தொடைக்குக் கீழே இருந்து நேராக உள்ளே வரும். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், தூக்கம் வருவது போன்ற அசதி. கண்ணாடியை ஏற்றிவிட்டு மழையில் போகும்போது இவை வந்தால் களைப்பு என்றுதான் நினைக்கத் தோன்றும். பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேனில் இந்த ஒரு பட்டையை விட்டுவைப்பதை எந்தக் காரணம் சொல்லியும் ஏற்க முடியாது.

கார்புரேட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வண்டியாக இருந்தால் இன்னொரு பாதிப்பும் உண்டு. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால், புகை வெளியே போவதோடு வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படும். சென்சார் அதைப் பார்த்துப் பெட்ரோல் குறைவாக எரிகிறது என்று தப்பாகச் சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் குறைந்து பிளக்கில் கரி பிடிக்கும். இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து, ஃபில்டர் மாற்றி, சென்சாரையும் மாற்றிய பிறகும் குறை தீரவில்லை என்றால் ஃபிளாஞ்சையும் ஸ்டேயையும் பாருங்கள்.

ஸ்டே கிடைக்காவிட்டால் செய்துகொள்ளலாம். 25 மில்லிமீட்டர் அகலம், 4 அல்லது 5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள இரும்புப் பட்டை போதும். பிளாக்கிலோ கியர்பாக்ஸிலோ ஏற்கெனவே இருக்கும் போல்ட்டு ஓட்டையைத்தான் பயன்படுத்த வேண்டும், புதிதாகத் துளை போட வேண்டாம். பைப் பக்கம் யூ கிளாம்ப். அந்தப் பக்கத்து ஓட்டையை வட்டமாகப் போடாமல் 10, 12 மில்லிமீட்டர் நீளக் காடியாக வெட்டிக்கொள்ளுங்கள். பட்டை தானாக உட்காரும் இடத்தில் இறுக்க வேண்டும், இழுத்துப் பிடித்து இறுக்கக்கூடாது. இழுத்து இறுக்கினால் ஸ்டே இல்லாததைவிடக் கேடு. ஃபிளாஞ்ச் எப்போதும் ஒரு பக்கமாக வளைந்து நின்று, பைப்பு சூடேறும்போது அங்கேயே விரிசல் விடும்.

செய்யவே கூடாத ஒன்று, இந்த ஸ்டேயின் மறுமுனையைச் சேஸிஸில் மாட்டுவது. இன்ஜின் ஆடும், சேஸிஸ் ஆடாது. நடுவில் இருக்கும் பைப்பு அறுபடும். ஃபோக்ஸ்வேகனின் பழைய ஏர்கூல் பஸ்ஸில் இதே விதி வேறு உருவில் தெரியும். அதில் இன்ஜின் பின்பக்கம், சைலன்சர் முழுவதும் இன்ஜினோடேயே போல்ட்டு போட்டு மாட்டப்பட்டிருக்கும். மொத்தமும் ஒன்றாக ஆடும், பாடியில் தொங்க வேண்டிய அவசியம் இல்லை. அதைப் பார்த்து 'பாதுகாப்புக்கு' என்று பாடியில் இருந்து ஒரு பட்டை கூடுதலாகப் போட்டால் பைப்புதான் விரியும். எதோடு சேர்ந்து ஆடுகிறதோ அதோடுதான் இறுக்கிப் பிடிக்க வேண்டும். மற்றதோடு ரப்பர் வழியாகத்தான் சேர வேண்டும்.

நடுவில் தொங்குவதற்கு என்னென்ன வழி

நடு ஹேங்கர் போன வண்டிக்கு மெக்கானிக் முன்வைக்கும் வழிகள் பெரும்பாலும் நான்கு: கட்டுக்கம்பி, நேராக வெல்டு, டயர்த் துண்டு, புதிதாகக் கொக்கி போட்டு ரப்பர் ரிங்.

கட்டுக்கம்பி வழியில் நின்றால் உதவும், அதை மறுக்க முடியாது. ஆனால் கம்பி ரம்பம் மாதிரி. தொங்கும் இடத்தில் பைப்பை அறுத்துக்கொண்டே இருக்கும். கம்பி வழியாக உதறல் நேராகத் தகட்டுக்குப் போவதால் 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டிக்குள் 'ஊம்ம்' என்று ஒரு முழக்கம் கேட்கும். கட்டும்போது ஒரு எச்சரிக்கை: கைக்குக் கிடைத்த குழாயில் கட்டிவிடுவார்கள். அது பிரேக் பைப்பாகவோ பெட்ரோல் லைனாகவோ ஹேண்ட்பிரேக் கேபிளாகவோ இருக்கக்கூடாது. சேஸிஸ் குறுக்குச் சட்டத்தில் ஓட்டை தேடிக் கட்டுங்கள். வீடு சேர்ந்ததும் கழற்றிவிட வேண்டும்.

பைப்பை நேராக அடித்தளத்தோடு பட்டை வைத்து வெல்டு அடிப்பதைப் பலர் 'பெர்மனென்ட்' வேலை என்கிறார்கள். நான்கில் மிக மோசமான வழி இதுதான். ஆம்னியின் தளத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பைப்பு நீள வேண்டிய ஆறு மில்லிமீட்டருக்கும் இடமில்லை, இன்ஜின் ஆட்டத்துக்கும் இடமில்லை. சில மாதங்களில் தகடு கிழியும் அல்லது வெல்டு ஓரமாகப் பைப்பு வளையம் போட்டது மாதிரி அறுந்து விழும். தகடு கிழிந்தால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீரும் புகையும் ஏறும். போதாததற்கு, வெல்டு அடிக்கும்போதே மேலே உள்ள தரை விரிப்பும் வயரிங்கும் கருகும். மலிவு என்று தொடங்கி டிங்கரிங் செலவில் முடியும் வேலை.

டயர்த் துண்டைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. நூல் வைத்த டயரின் பக்கவாட்டில் இருந்து 30 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையிலும் ஓட்டை போட்டு, பெரிய வாஷர் வைத்து எம்8 போல்ட்டில் மாட்டினால் நன்றாகவே தாங்கும். வாஷர் சின்னதாக இருந்தால் போல்ட்டுத் தலை ரப்பருக்குள் புகுந்து வந்துவிடும். பைப்பின் சூடு நேராகப் படாத இடத்தில், அதாவது சைலன்சருக்குப் பின்னால், இது பொருந்தும். இன்ஜினுக்குக் கிட்டே போட்டால் வெந்து, இறுகி, ஒரு நாள் பிஸ்கட் மாதிரி உடையும். சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுவது இதில் சேராது. நூல் இல்லாத ரப்பர் இழுபட்டுக்கொண்டே போகும், பைப்பு தாழ்ந்து வேகத்தடையில் இடிக்கும்.

கொக்கியும் ரப்பர் ரிங்கும்தான் சரியான வழி. பழைய பிராக்கெட் நல்ல நிலையில் பழைய சாமான் கடையில் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு, அளவு தானாகப் பொருந்தும். இல்லாவிட்டால் 10 மில்லிமீட்டர் கம்பியை வளைத்துக் கொக்கி செய்யலாம். கம்பியை நேராகப் பைப்பில் வெல்டு வைத்துவிடாதீர்கள். ஒன்றரை மில்லிமீட்டர் சுவர் உள்ள பைப்பில் 10 மில்லிமீட்டர் கம்பி ஒரே புள்ளியில் இழுத்தால் வெல்டின் ஓரத்தில் நகக்கீறல் மாதிரி விரிசல் தொடங்கும். 2 மில்லிமீட்டர் தகட்டில் 70 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு அரைவட்டச் சேணம் வளைத்து, அதைப் பைப்பின் மேல் உட்கார வைத்து வெல்டு அடித்து, அதன் மேல் கம்பியை வையுங்கள். இழுவை பரவிவிடும். கொக்கியின் முனையில் ஒரு வாஷரை வெல்டு வைத்தால் ரிங் நழுவாது.

கொக்கி எங்கே வர வேண்டும்? பைப்பு குளிர்ந்திருக்கும்போது பாடிக் கொக்கி பைப் கொக்கியைவிட 4, 5 மில்லிமீட்டர் பின்னால் இருக்கட்டும். ரிங் சற்றுச் சாய்ந்து நிற்கும். சூடேறிப் பைப்பு பின்னால் நீண்டதும் ரிங் நேராகத் தொங்கும். குளிரில் நேராக இருக்கும்படி மாட்டினால் ஓடும் நேரம் முழுக்க ரப்பர் சாய்ந்தே இருந்து சீக்கிரம் கிழியும். பழைய இடத்தில் தகடு அழுகியிருந்தால் முன்னால் அல்லது பின்னால் ஒரு சாண் வரை தள்ளி, சேஸிஸ் சட்டத்தில் கெட்டியான இடம் பார்த்து மாட்டலாம். அதற்கு மேல் தள்ளினால் எடைப் பங்கீடு மாறிவிடும்.

ரிங் வாங்கும்போது கையில் முறுக்கிப் பாருங்கள். எளிதாகத் திரும்பி, விட்டதும் பழைய நிலைக்கு வர வேண்டும். கடையில் பல வருடம் தொங்கிய ரிங்கை மடக்கினால் வெளிப்பக்கம் மெல்லிய கோடுகள் தெரியும். அது வேண்டாம். எல்லா ரிங்கையும் ஒன்றாக மாற்றுவது நல்லது. ஒன்று புதிது, மற்றவை தளர்ந்தது என்றால் புதியதன் மேல்தான் பாரம் முழுவதும் விழும்.

நடுவில் சுருக்குக் குழாய், அதாவது வலை சுற்றிய ஃபிளெக்ஸ் பைப் போட்டால் பிராக்கெட்டைக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை அடிக்கடி சொல்லப்படுகிறது. உண்மை நேர் எதிர். ஃபிளெக்ஸ் பைப் அசைவை வாங்குமே தவிரக் கனத்தைத் தாங்காது. அதற்கு முன்னால் இன்ஜின் பக்கத்து ஸ்டேயும், பின்னால் கிட்டத்தில் ஒரு ஹேங்கரும் இருந்தே ஆக வேண்டும். இரண்டும் இல்லாமல் போட்டால் தொய்ந்து, வலை பிரிந்து, மடிப்பில் ஓட்டை விழும். ஸ்டேயும் ஹேங்கரும் சரியாக இருக்கும் ஆம்னிக்கு ஃபிளெக்ஸ் பைப் தேவையே இல்லை என்பதுதான் எங்கள் தீர்மானம்.

வால் பக்கம்

இங்கே ஹேங்கர் போனால் சத்தத்தில் தெரிந்துவிடும், அதனால் ஆபத்து குறைவு. டப்பா கடகடவென்று ஆடும், பம்பரில் தட்டும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சேதமும் நடக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. குறுகிய தூரம் ஓடி நிற்கும் வண்டியில் அதில் ஒரு பங்கு டப்பாவுக்குள்ளேயே குளிர்ந்து தேங்கும். பல சைலன்சர்களில் அடியில் ஊசித்துளை ஒன்று இதற்காகவே இருக்கும். வால் தொங்கி டப்பா சாய்ந்துவிட்டால் தண்ணீர் அந்தத் துளைக்கு வராமல் மறு ஓரத்தில் நிற்கும். அந்த ஓரம் உள்ளிருந்து அழுகும். வெளியே பெயிண்ட் நன்றாக இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகும்.

வால் பைப்பின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் முக்கியம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன்படி புகை பின்பக்கமோ வலப்பக்கமோதான் வெளியேற வேண்டும், கீழ்நோக்கியோ இடப்பக்கமாகவோ கூடாது. பிராக்கெட் இல்லாமல் தொங்கும் வால் தரையைப் பார்க்கும். அந்தப் புகை வண்டிக்கு அடியிலேயே சுழன்று, பின்கதவு ரப்பர் தேய்ந்த வண்டியில் உள்ளே இழுக்கப்படும். தகுதிச் சான்றான எஃப்சிக்குப் போகும்போது திருப்பி அனுப்பவும் இது ஒரு காரணமாகும்.

தகட்டுப் பிராக்கெட்டும் சும்மா நிற்கும் கொக்கியும்

வெப்பத் தகட்டைக் கடகடவென்று ஆடுகிறது என்று பிய்த்து எறிவது வழக்கமாகிவிட்டது. அதே மோட்டார் வாகன விதிகளில் சைலன்சர் பைப்புக்கும் பெட்ரோல் லைனுக்கும் நடுவே 35 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும் என்று இருக்கிறது. தகடு எதை மறைத்து நிற்கிறது என்று பாருங்கள். பெட்ரோல் லைன், டேங்க், கேஸ் கிட் போட்ட வண்டியில் கேஸ் லைன், பிரேக் பைப் இவற்றில் ஒன்று அருகே இருந்தால் தகடு இருந்தே ஆக வேண்டும். ஓட்டை பெரிதாகிப் போல்ட்டு நிற்காவிட்டால் பெரிய வாஷர் வைத்து மாட்டினால் சத்தமும் நிற்கும். வெறும் தளத் தகட்டுக்கு அடியில், சாமான் ஏற்றும் பகுதிக்குக் கீழே இருப்பது மட்டும் போனால் அவசரமில்லை. ஆனால் அதற்கு மேலே ரப்பர் மேட்டும் தெர்மாகோலும் ஏற்றும் வேன் என்றால் அதையும் மாட்டிவிடுங்கள்.

சரி, எதுவும் மாட்டாமல் நிற்கும் கொக்கியை எப்படி இனம் காண்பது? டார்ச் அடித்துக் கொக்கியின் வளைவைப் பாருங்கள். ரப்பர் உட்கார்ந்திருந்த கொக்கியில் ஒரு விரல் அகலத்துக்குத் துரு குறைந்து, வழவழப்பாக, கருமை ஏறிய பட்டை ஒன்று தெரியும். ரப்பர் அறுந்து பல வருடம் ஆனாலும் அந்தத் தடம் மறையாது. முனையில் இருந்து அடி வரை ஒரே சீரான துருவும் பழைய அண்டர்கோட்டும் (அடிப்பக்கப் பூச்சு) இருந்தால் அதில் எதுவும் தொங்கியதே இல்லை. கார்புரேட்டர் வண்டி, புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டர் வைத்த வண்டி என்று மாடலுக்கு மாடல் பைப்பு மாறியிருப்பதால் இப்படிச் சும்மா நிற்பவை உண்டு. அதே போல, மூன்று துண்டாக இருந்த பைப்பை ஒரே துண்டாக மாற்றியிருந்தால் நடு இணைப்பில் இருந்த கிளாம்ப்பும் இனி வேண்டியதில்லை. இவை இரண்டையும் மட்டும் மனச்சங்கடம் இல்லாமல் விட்டுவிடலாம்.

கன்வெர்ட்டர் வைத்த வண்டிக்கு ஒரு வார்த்தை. கன்வெர்ட்டருக்குள் இருப்பது தேன்கூடு மாதிரியான பீங்கான் கட்டி. ஹேங்கர் இல்லாமல் அது தளத்தில் தட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே நொறுங்கும். டப்பாவைக் கையால் தட்டினால் கூழாங்கல் உருளும் சத்தம் கேட்கும். துண்டுகள் போய்ப் பின்னால் அடைத்தால் வண்டி மேடு ஏறாது. கார்புரேட்டர் வண்டியில் ஒரு ஹேங்கரை இரண்டு வாரம் தள்ளிப்போட்டுத் தப்பித்தவர்கள் இதிலும் அதையே செய்யக்கூடாது.

மாட்டும் வரிசை

வண்டியை ஜாக்கியில் மட்டும் வைத்துக்கொண்டு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள், சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பைப்பு முழுதாக ஆறியிருக்க வேண்டும். பழைய நட்டுகளுக்கு முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் ஸ்டட் அறுபடாது. எம்8 நட்டுக்கு 12 நம்பர் ரிங் ஸ்பேனர். வாய் திறந்த டபுள் எண்ட் ஸ்பேனர் போட்டால் துருப்பிடித்த தலை மழுங்கிவிடும். வெல்டிங் வேலை இருந்தால் பைப்பைக் கழற்றி வெளியே வைத்து அடிப்பதே நல்லது. வண்டியிலேயே அடிக்க வேண்டிவந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, எம்பிஎஃப்ஐ வண்டியில் கம்ப்யூட்டர் சாக்கெட்டையும் பிடுங்கிவிட்டு, எர்த் கிளிப்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

முதலில் எல்லா ரப்பரிலும் பைப்பைத் தொங்கவிடுங்கள். புது கேஸ்கெட் வைத்து ஃபிளாஞ்ச் நட்டுகளைக் கையால் மட்டும் திருப்புங்கள். பைப்பைக் குலுக்கி அதன் இயல்பான இடத்தில் நிற்கவிட்டு, ஃபிளாஞ்சை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். அதற்குப் பிறகு நடு இணைப்புகள், கடைசியில் ஸ்டே. ஸ்டேயை முதலில் இறுக்கிவிட்டு ஃபிளாஞ்சுக்கு வந்தால் கேஸ்கெட் கோணலாக உட்காரும். திரும்பத் திரும்பக் கேஸ்கெட் போகும் வண்டிகளில் இந்த வரிசையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

முடிந்ததும் வால் பைப்பைக் கையால் பிடித்து நான்கு பக்கமும் அசையுங்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் தளத்திலோ புரொப்பெல்லர் ஷாஃப்டிலோ பின் ஆக்சிலிலோ தட்டக்கூடாது, இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். பின்சக்கரம் தொங்கும்போது ஆக்சில் தாழ்ந்து நிற்கும் என்பதால், வண்டியைத் தரையில் இறக்கி, ஆள் ஏற்றியும் ஒரு முறை பாருங்கள். பிறகு திறந்த வெளியில் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒருவர் மடித்த துணியால் வால் வாயை இரண்டு நொடி அழுத்திப் பிடிக்கட்டும். அப்போது ஃபிளாஞ்ச் பக்கத்தில் 'உஸ்' என்று கேட்டால் கசிவு இருக்கிறது. சோப்புத் தண்ணீர் தெளித்தால் எந்த ஓரம் என்று குமிழி காட்டும்.

இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை படுத்துப் பாருங்கள். புது கேஸ்கெட் அமுங்கியிருக்கும் என்பதால் ஃபிளாஞ்ச் நட்டு கால் சுற்று வாங்கும். தளத்திலோ சட்டத்திலோ எங்காவது வெள்ளி மாதிரி பளபளவென்று புதிய தேய்மானம் தெரிந்தால் பைப்பு அங்கே தட்டுகிறது. அந்த இடத்துக்கு மிகக் கிட்டே இருக்கும் ரிங்கைக் கழற்றி, கொக்கியைத் தேவையான அளவுக்கு வளைத்து மாட்டுங்கள்.